முழங்கால்

முதல் ஆல்பத்தில் பதினொரு பாட்டு, பதினொன்றுக்கும் நான்தான் டிரம்ஸ்.
நிமிடத்துக்கு நூற்று இருபத்தெட்டு அடி,
எதற்கும் மாறாது.
கம்பெனிக்காரர் லிண்ட்ரூஸ் சொல்வார்:
"ஹெல்சிங்கியில் தூக்கிய கால்
ஓளுவில்தான் இறங்கணும்."
இறங்கியது.
ஐஸ்கிரீம் விளம்பரத்தில், பனிச்சறுக்கு லிஃப்டில்,
பல் டாக்டரின் காத்திருப்பு அறையில்கூட
சாய்மி துள்ளிக்கொண்டிருந்தாள்,
என் வலது பாதத்தின் மேல் நின்று.

இரண்டாவதுக்குக் கூப்பிட்டது மே மாதம்.
ஐஸ் ஹாக்கி அரங்கம், ஐஸ் இல்லாமல்.
உருக்கி வடித்துவிட்ட சிமென்ட்டில்
ஈரத்திட்டுகள், கோல் கம்பத்துக்குத் துளைத்த குழிகள்,
குளிர்காலத்தில் யாரோ துப்பிவிட்டுப் போன பல்காப்பு ஒன்று.
நடுவே கால்மிதி ஹார்மோனியம்.
கெமி ஊர் ஜெபவீட்டு ஏலத்தில் எடுத்தாளாம்:
எண்பது யூரோ, உள்ளே எலிக்கூடு இலவசம்.

வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கப் போனேன்.
"வேண்டாம் இல்போ, அங்கேயே இருக்கட்டும்."
"பின்னே நான் எதற்கு?"
மடக்கு நாற்காலியைக் காட்டினாள்.
"உட்கார். தாளம் போடாதே.
தாளம் தெரிந்தவன் ஒருவன் எதிரே இருந்தால்தான்
அதைவிட்டு எவ்வளவு தூரம் வந்தேன் என்று
எனக்குத் தெரியும்."

ஒன்பது நாள் உட்கார்ந்தேன். சம்பளத்தோடு.
விவாகரத்துக்குப் பின்
வாஷிங் மெஷின் யாருக்கு என்பதைப் பற்றி
ஏழு நிமிடம் பாடினாள்.
வரியை எடுப்பாள்,
முடிக்கும் இடம் வந்தும் முடிக்கமாட்டாள்.
ஒரு சொல்லைக் கடைசி இருக்கை வரிசைவரை அனுப்பிவிட்டு
அது திரும்பி வரும்வரை மூச்சைப் பிடித்து நிற்பாள்.
நான் உள்ளுக்குள் எண்ணுவேன்.
கழன்றுவிடும்.
பிடிப்பேன்.
கழன்றுவிடும்.

நான்காம் நாள்தான் கவனித்தேன்,
அவள் பார்ப்பது என் முகத்தை அல்ல,
இடது முழங்காலை.
என்னை அறியாமல் அது ஆடும்போதெல்லாம்
அதைவிட்டு விலகிப் பாடுகிறாள்,
சாலை நடுவே நிற்கும் கலைமானைச்
சுற்றிப் போகும் லாரி மாதிரி.

லிண்ட்ரூஸ் கேட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ரேடியோவுக்கு எது?"
"எதுவுமில்லை" என்றாள்
அவர் தட்டிலிருந்து பிஸ்கட் எடுத்துக்கொண்டே.

அக்டோபரில் வெளியீடு. தம்பெரே, பழைய நெசவாலை.
மூன்று பாட்டு முடிவதற்குள்
முந்நூறு பேரில் நாற்பது பேர்
கோட்டு வாங்கக் கிளம்பிவிட்டார்கள்.
பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்:
"'நியான் ஜூலை' பாடு!"
பாடினாள்.
ஹார்மோனியத்தில், பாதி வேகத்துக்கும் கீழே,
நான் ஆயிரம் தடவை அடித்த பாட்டை.
மூன்றாவது வரிவரை யாருக்கும் பிடிபடவில்லை.
எனக்கும்தான்.
அப்புறம் கேட்டது:
அந்த வரியில் அவன் திரும்பி வருவதே இல்லை.
வந்துவிட்டான் என்று நினைத்து
இத்தனை வருஷம் அடித்திருக்கிறேன்.

இப்போது எனக்கு ஸ்டாக்ஹோம் கப்பலில் வேலை.
வாரம் நான்கு இரவு, ஏழாவது தளம்.
பதினொன்றரை மணிக்கு 'நியான் ஜூலை' கேட்பார்கள்,
ஷூவைக் கழற்றிவிட்டு ஆடுவார்கள்,
கடல் கொஞ்சம் சாய்ந்தால் இன்னும் நன்றாக.
அதில் தப்பொன்றுமில்லை.
நானும் ஏனோதானோவென்று அடிப்பதில்லை.
மூன்றாவது வரி முடியும் இடத்தில் மட்டும்
குச்சி ஒரு மயிரிழை தாமதிக்கிறது.
பாஸ் கிதார்க்காரன் திரும்பி முறைக்கிறான்.

ஆல்ப உறையின் உள்பக்கத்தில், பொடி எழுத்தில்:
குரல், ஹார்மோனியம்: சாய்மி ரவுஹலா.
ஒலிப்பதிவு: தெர்ஹோ.
முழங்கால்: இல்போ.

ராயல்டி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.
"இந்த வாத்தியத்துக்கு
எங்கள் பட்டியலில் எண் இல்லையே.
தாள வாத்தியத்தில் சேர்த்துவிடவா?"
ஜன்னலுக்கு வெளியே
துறைமுகத்தில் லாரிகள் ஏறிக்கொண்டிருந்தன.
"வேண்டாம்" என்றேன்.
"இதர என்று போடுங்கள்."